கையொப்பமில்லாத செய்தி

அந்த மஞ்சள் மேலங்கியை எனக்குப் போட்டுவிட்டது படம் எடுப்பதற்காகத்தான். அனர்த்த ஒத்திகை என்று ஒரு பாடசாலை மைதானத்தில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, ஒலிபெருக்கி கட்டி நடத்தினார்கள். "தன்னார்வ வானொலியாளர்கள்" என்று எழுதிய பதாகைக்குக் கீழே எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வோக்கி என்கிற கை வானொலியை வாய்க்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார்கள்.

"கொஞ்சம் கதைக்கிற மாதிரி நில்லுங்கோ ரீச்சர்," என்றார் படம் எடுத்தவர்.

யாருடன் கதைப்பது? மற்ற இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஆனாலும் வாயை அசைத்தேன். படம் வடிவாக வந்தது. எடுத்து முடிந்ததும் மேலங்கிகளைக் கழற்றி வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். "உண்மையாய் ஏதும் வந்தால் எங்களுக்கு உங்கடை அலுவலகத்திலை ஒரு மேசை வேணும். இப்பவே ஒழுங்கு செய்து வைச்சால் நல்லது," என்று நான் ஒத்திகையை நடத்திய அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரியிடம் கேட்டேன். "வரட்டும் பாப்பம்," என்றார். வரட்டும் என்று அவர் சொன்னது புயலைத்தான்.

நாங்கள் மூன்று பேர் என்று சொன்னேன். நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். வீடு கொழும்புத்துறை, கடலேரியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. இரண்டாமவர் நெல்லியடியில் இருக்கிறார். வடமராட்சிக் கடலோடிக் குடும்பம், சரக்குக் கப்பல்களில் வானொலி அலுவலராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரைக் கப்பலண்ணை என்போம். மூன்றாமவருக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். தண்ணீர்ப் பம்பையும் உழவு இயந்திரத்தையும் தானே கழற்றிப் பூட்டுகிறவர், அந்தக் கைப்பழக்கத்தில் வானொலிக்குள்ளும் இறங்கிவிட்டார். அவர் எங்களுக்குத் தோட்டத்தண்ணை.

அமெச்சூர் வானொலி என்பது பெரிய மந்திரமில்லை. பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, சொந்தக் கருவியில் மற்றவர்களோடு கதைக்கிற பொழுதுபோக்கு. ஆனால் மின்சாரம் நின்று, போன் கோபுரங்களும் படுத்த பிறகு, ஒரு கார் பற்றரியும் மரத்துக்கு மரம் இழுத்த ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் நாங்கள் கதைத்துக்கொண்டிருப்போம். அதற்காகத்தான் நாங்கள் தேவைப்படுகிறோம். அது அந்த அதிகாரிக்கும் தெரியும். ஒத்திகையில் ஒலிபெருக்கியில் அதைச் சொன்னதே அவர்தான்.

எங்கள் ஊரில் வயர்லெஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நான் பள்ளிக்கூடம் போன போர்க்காலத்தில் பற்றரிக்கே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. ஆகவே நான் வீட்டுக் கூரைக்கு மேலே அன்ரெனாவை ஏற்றியபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: "பிள்ளை, உதைக் கழட்டி வை. பிறகு ஆக்கள் வருவினம்." என் கணவர் பயப்படவில்லை. அவர் அதைக் கொடிக்கயிறு என்றுதான் சொல்வார். ஒருநாள் கீழே இழுத்திருந்த கம்பியில் தன் சாரத்தைக் காயப்போட்டும் இருந்தார்.

கொழும்புக்குப் போய் எழுதிய பரீட்சையில் சித்தியடைந்த பிறகும் அனுமதிப்பத்திரம் கைக்கு வர நெடுங்காலம் எடுத்தது. சிவில் உடையில் வந்த ஒருவர் எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டார்: "ரீச்சருக்கு உது என்னத்துக்கு?"

"புயல், வெள்ளம் வந்தால் உதவலாம்."

"அதுக்கு நாங்கள் இருக்கிறம்தானே," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அப்படியான இடங்களில் சிரித்தே பழகிவிட்டோம்.

புயல் வந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய கார்த்திகையில். வரும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தண்ணையின் மனைவியின் தங்கை தென்மராட்சியில் கடலேரிக் கரையோரக் கிராமம் ஒன்றில் கலியாணம் கட்டியிருக்கிறா. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு. அவர்களைப் பார்க்கவென்று புயலுக்கு முதல்நாள் அண்ணை அங்கே போனார். போகும்போது வோக்கியையும் உபரி பற்றரியையும் பையில் வைத்துக்கொண்டார். இரவு ஊர்ச்சனம் முழுவதும் பாடசாலைக் கட்டடத்துக்குள் போய்விட்டது. அண்ணையும் அவர்களோடு போனார். நீர்வேலியில் தன் வாழைகள் அன்றிரவு வரிசை வரிசையாக முறிந்து விழும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனார்.

விடிந்தபோது காற்று விழுந்துவிட்டது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. போனில் ஒரு கோடும் இல்லை. நான் ஆறு மணிக்கே கருவியை முடுக்கிவிட்டு இருந்தேன். எட்டுப் பத்துக்குத் தோட்டத்தண்ணையின் குரல் வந்தது. நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"பாடசாலை முகாம். ஆண், வயது நாற்பத்தாறு, மீன்பிடித் தொழில். பறந்த தகரம் இடது தொடையை ஆழமாக வெட்டியுள்ளது. இரத்தம் நிற்கவில்லை. துணியால் இறுக்கிக் கட்டியுள்ளோம். மதகடியில் வீதி அறுந்துவிட்டது, வாகனம் வராது. படகு தேவை. அவசரம்."

திருப்பி வாசித்துக் காட்டினேன். "சரி பிள்ளை. கெதியாக் குடுங்கோ. ஆள் வெளிறிப்போய்க் கிடக்கு. ஓவர்," என்றார்.

பதிவுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு, செய்தியை இன்னொரு கடதாசியில் பிரதி எடுத்து, பொலித்தீன் பைக்குள் போட்டு, மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டேன். விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலால் சைக்கிளைத் தூக்கிக் கடத்தித்தான் போனேன். அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எட்டு ஐம்பது.

முற்றத்தில் இரண்டு மீட்புப் படகுகள் இழுவைவண்டியில் ஏற்றியபடி நின்றன. அவற்றைக் கண்டதும் எனக்கு வந்த ஆறுதலை என்னவென்று சொல்ல. படகு இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பக்கத்தில் நாலு பேர் மழைக்கோட்டோடு நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி என்ன, ஒரு சொல்தானே என்று நினைத்தேன்.

அதிகாரி கடதாசியை வாங்கி வாசித்தார். மரியாதையானவர். என்னை இருக்கச் சொன்னார். பிறகு கடதாசியை மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதிலை கிராம அலுவலரின்ரை கையொப்பம் இல்லையே ரீச்சர்."

"இது வானொலியிலை வந்த செய்தி. அங்கை இருந்து கடதாசி வர ஏலாது. வீதி அறுந்து கிடக்கு."

"விளங்குது. ஆனால் படகை இறக்கிறதெண்டால் எனக்கொரு கோரிக்கை வேணும். உங்களை நம்பேல்லை எண்டில்லை. நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு."

"அப்ப மேலிடத்திலை கேளுங்கோ."

"போன் வேலை செய்யேல்லைத்தானே."

அவர் இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போன் வேலை செய்யாததால்தானே நான் சைக்கிளில் வந்து அவருக்கு முன்னால் நிற்கிறேன்! கடதாசியை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கண்ணாடிக் கட்டியையும் வைத்தார்.

என் கையிலிருந்த வோக்கிக்குத் தென்மராட்சிக் கரை எட்டாது. ஆனால் கப்பலண்ணையின் வீட்டு அன்ரெனா உயரமானது. அவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும். நான் அலுவலக முற்றத்துக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன். கையொப்பம் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "பொறுங்கோ தங்கச்சி. கேட்டுச் சொல்லுறன்," என்றார்.

கிராம அலுவலரும் அதே பாடசாலைக்குள்தான் இருந்திருக்கிறார். இரவு முழுக்கச் சனத்தோடு நின்ற மனிதர். தோட்டத்தண்ணை தன் வோக்கியை அவர் வாய்க்கு முன்னால் பிடிக்க, அவர் கதைத்தார். அவர் சொன்னதைக் கப்பலண்ணை சொல்லுக்குச் சொல் எனக்கு மாற்றினார். நான் வோக்கியை அதிகாரியின் மேசைக்கே கொண்டுபோய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "கிராம அலுவலர் சொல்லுகிறார்: காயக்காரரை நான் நேரில் பார்த்தேன். உடனடியாகப் படகு அனுப்பும்படி கோருகிறேன்," என்று கப்பலண்ணையின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

அதிகாரி கவனமாகக் கேட்டார். தலையையும் ஆட்டினார்.

"சரி ரீச்சர். ஆனால் குரலுக்கு எப்பிடிக் கையொப்பம் வைக்கிறது?"

அறையில் இருந்த எழுதுவினைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. நான் அங்கேயே இருந்தேன். ஒன்பதரைக்கு ஒரு செய்தி வந்தது: இரத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, கட்டை இளக்கினால் திரும்பப் பாய்கிறது. எழுதிக் கொடுத்தேன். வாங்கி அதே கண்ணாடிக் கட்டிக்குக் கீழே வைத்தார். பத்து மணிக்குத் தேநீரும் றோல்சும் வந்தன. எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். நான் குடித்தேன். தொடையில் கட்டோடு ஒரு மனிதன் பாடசாலை மரவாங்கில் கிடக்க, நான் தேநீர் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றியும் சொன்னேன். பத்து நாற்பதுக்கு இன்னொரு செய்தி: கால் குளிர்ந்துகொண்டு போகிறது. எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஒருவர் வந்துகொண்டிருக்கிறார், வந்ததும் முடிவெடுக்கலாம் என்றார்கள். அவர் பன்னிரண்டு மணி வரைக்கும் வரவில்லை. எங்கோ விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பார். முற்றத்தில் நின்ற நாலு பேரும் மழைக்கோட்டைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு இருந்தார்கள்.

பன்னிரண்டே காலுக்குக் கப்பலண்ணை கூப்பிட்டார். எந்தப் புயலிலும் ஒரே சீராகக் கதைக்கிற மனிதர் அவர். அன்றைக்கு அவருடைய குரல் இடறியது.

"தங்கச்சி, காலிலை உணர்வு இல்லையாம். ஆள் கதைக்கிறதும் குறைஞ்சிட்டுதாம். அவரின்ரை மனுசி குழறுறது எனக்கு இஞ்சை கேக்குது."

நான் எழுந்தேன். மேசைக்குப் போய், கண்ணாடிக் கட்டியைத் தூக்கி, என் மூன்று கடதாசிகளையும் எடுத்தேன். "உவை இனி உங்களுக்குத் தேவையில்லை," என்றேன். அதிகாரி, "கோவப்படாதேங்கோ ரீச்சர்," என்றார். எனக்கு அவருடைய சேர்ட்டில் இருந்த மடிப்புத்தான் தெரிந்தது. அந்தப் புயலுக்குப் பிறகும் அது கலையாமல் இருந்தது.

சைக்கிளை மிதித்துக் கொழும்புத்துறைக் கரைக்கு வந்தேன். அங்கே ஒரு சம்மாட்டியை எனக்குத் தெரியும். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். இரண்டு படகு வைத்திருக்கிறவர். கரைக்கு இழுத்த படகுகளுக்குள் நின்ற மழைத்தண்ணீரை ஒரு வாளியால் இறைத்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னேன். கடதாசியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"எந்தக் கரை? பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட என்ன அடையாளம் கிடக்கு?"

சொன்னேன்.

"நீங்களும் ஏறுங்கோ. உந்தப் பெட்டியிலை சொல்லி ஆரையும் கரையிலை நிக்கச் சொல்லுங்கோ. சிவப்பாய் ஏதும் காட்டட்டும்."

கேட்டது அவ்வளவுதான். இயந்திரத்தைப் பூட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, தம்பியையும் கூப்பிட்டு, படகு தண்ணீருக்குள் இறங்கப் பத்து நிமிடம் எடுத்திருக்காது. மழை முகத்தில் அடித்தது. கடலேரி சேற்று நிறத்தில் கிடந்தது. புயல் பிடுங்கிய வலைத்தடிகள் தண்ணீருக்குள் மறைந்து நின்றன. அவருக்கு அவை எங்கே என்று தெரியும். ஆழமில்லாத இடங்களில் இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, தம்பி கம்பை ஊன்றித் தள்ளினார். பாதி வழியில் என் வோக்கியில் தோட்டத்தண்ணையின் குரலே நேரடியாக வந்தது. "வாங்கோ பிள்ளை, வாங்கோ. உங்களைக் காணுறன்," என்றார். கரையில் யாரோ ஒரு சிவப்புச் சேலையைத் தடியில் கட்டி ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அது காயக்காரரின் மனைவியின் சேலை.

காயக்காரரை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது வழியில் சம்மாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எத்தினை மணிக்கு உங்களுக்குத் தகவல் வந்தது?"

"எட்டுப் பத்துக்கு."

"விடியவே காத்து விழுந்திட்டுதே ரீச்சர்," என்றார். சொல்லிவிட்டு இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார்.

கொழும்புத்துறையில் இறக்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். இளம் வைத்தியர் ஒருவர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எத்தனை மணித்தியாலம் இறுக்கிக் கட்டியிருந்தது?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் பாராட்டு விழா வைத்தார்கள். குத்துவிளக்கு, மாலை, வரவேற்பு நடனம் எல்லாம் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் முன்வரிசையில் கதிரை. அதே அதிகாரி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, கடலேரிக் கரையில் காயப்பட்ட மீனவர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். "வானொலி மூலம் தகவல் கிடைத்ததும் உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட்டு அவருடைய உயிர் காப்பாற்றப்பட்டது," என்றார். சனம் கைதட்டியது.

பதிவுப் புத்தகம் என் பையில் இருந்தது. எப்போதும் இருக்கும். நான் எழுந்து மேடைக்குப் போனேன். சான்றிதழ் வாங்க வருகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, முகவுரை ஒன்றும் சொல்லாமல் வாசிக்கத் தொடங்கினேன். எட்டுப் பத்து. எட்டு ஐம்பது. ஒன்பதரை. பத்து, தேநீர். பத்து நாற்பது. பன்னிரண்டே கால். ஒவ்வொரு நேரத்துக்கும் வந்த செய்தி, அது யாருடைய கையில் கொடுக்கப்பட்டது, கிடைத்த பதில். "குரலுக்கு எப்படிக் கையொப்பம் வைப்பது" என்பதையும் வாசித்தேன்.

"அம்மா, இது அதுக்கான இடமில்லை," என்று ஒருவர் வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"அப்ப எது இடம்? சொல்லுங்கோ, அங்கை வந்து வாசிக்கிறன்," என்றேன்.

ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். நான் சத்தமாக வாசித்து முடித்தேன். திரும்பிப் பார்த்தபோது கப்பலண்ணையும் தோட்டத்தண்ணையும் கதிரையை விட்டு எழுந்து நின்றார்கள். மூன்று பேரும் சான்றிதழ் வாங்காமல் வெளியே வந்தோம். சனத்தில் ஒரு சிலர் கைதட்டினார்கள். பெரும்பாலானவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாளைக்கும் அந்த அலுவலகத்தில் அலுவல் இருக்கும்.

ஒரு மாதத்தில் அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றிப் படகொன்றை மீட்புப் பணியில் ஈடுபடுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கையொப்பம் மிக வடிவாக இருந்தது. "ஆள் செத்துக்கொண்டிருந்தபடியால்" என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்து என் அன்ரெனாவின் உயரத்தை நாடா பிடித்து அளந்தார்கள். என் கணவர் நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "வடிவா அளவுங்கோ. புயலுக்குள்ளை அளக்க வராதேங்கோ," என்றார்.

இவ்வளவும் செய்த பிறகு நான் நியாயத்தின் பக்கம் நிற்கிறேன் என்ற எண்ணம் எனக்கு வந்திருந்தது. அந்த எண்ணத்தோடுதான் சித்திரையில் அந்த மீனவரின் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாத்தியிருந்தது. "வாங்கோ ரீச்சர்," என்று முகம் மலரச் சொன்னார். மனைவி வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னா. தேநீர் தந்தா. நான் விழாவில் வாசித்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "நீங்கள் எழும்பிக் கதைச்சது நல்லது ரீச்சர். ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. கொழும்புத்துறையிலை படகு கிடக்கெண்டு உங்களுக்கு எட்டு மணிக்கும் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் அவையிட்டைப் போகேல்லை? ஏன் அங்கை போய்க் குந்திக்கொண்டு இருந்தனீங்கள்?"

"விடப்பா," என்றார் கணவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. கால் போனது உங்களுக்கு மட்டுமே?"

அதுவரை நான் அந்த அதிகாரிமேல் வைத்திருந்த கோபம் முழுவதும் திரும்பி என் நெஞ்சுக்குள் வந்தது. சம்மாட்டியின் வீடு என் வீட்டிலிருந்து நடைதூரம். அவருடைய வாசலைத் தாண்டித்தான் நான் அன்றைக்குச் சைக்கிளில் போனேன். ஒருமுறைகூட நிற்க நினைக்கவில்லை. அலுவலகத்துக்குத்தான் சொல்ல வேண்டும், அவர்கள் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும், கையொப்பம் கேட்டால் கையொப்பம் தேட வேண்டும்: சின்ன வயதிலிருந்து சோதனைச் சாவடியிலும் வரிசையிலும் நின்று பழகிய உடம்பு அது. பயம் என்று சொல்லக்கூட இல்லை. பழக்கம்.

அதைத்தான் அவவிடம் சொன்னேன். "பழகிப்போச்சு. வேறை விதமாய்ச் செய்யலாம் எண்டு எனக்குத் தோன்றவே இல்லை," என்றேன்.

அவ என் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தா. "நாங்களும் அப்பிடித்தான்," என்றா. "அந்த மதகு உடையப்போகுதெண்டு எத்தினை கடிதம் எழுதினனாங்கள். எழுதிப்போட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

அடுத்த ஞாயிறு தோட்டத்தண்ணையின் காணியில் மூன்று பேரும் கூடினோம். முறிந்த வாழைகளை வெட்டி அகற்றிய இடத்தில் புதுக் குட்டிகள் நின்றன. அந்தப் பெண் கேட்டதை நான் சொன்னேன். கப்பலண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"கடலிலை ஆபத்தெண்டு ஒரு சத்தம் வந்தால், கேட்ட கப்பலிலை எது கிட்ட நிக்குதோ அது திரும்பும். கொம்பனிக்கு எழுதிக் கேட்டுக்கொண்டு நிக்கிறேல்லை. உது எனக்குச் சின்ன வயசிலையே சொல்லித் தந்தது. தெரிஞ்சும் உங்களை அங்கை மூண்டு மணித்தியாலத்துக்கு மேலை இருக்க விட்டிட்டன், தங்கச்சி."

"நானும் கரையிலை நிண்டு 'படகு வருது, படகு வருது' எண்டு அந்த மனுசிக்குச் சொல்லிக்கொண்டு நிண்டனான்," என்றார் தோட்டத்தண்ணை.

அன்றைக்கு முடிவெடுத்தோம். இனிச் செய்தி வந்தால் முதலில் கிட்ட உள்ள படகுக்காரருக்கு, உழவு இயந்திரக்காரருக்கு. அலுவலகத்துக்குப் பிரதி பிறகு. கடலேரிக் கரையிலுள்ள ஒவ்வொரு இறங்குதுறைக்கும் போய், யாரிடம் படகு இருக்கிறது, யார் எந்த நேரமும் இறங்குவார் என்று எழுதினோம். நான் தனியாகப் போன முதல் இரண்டு இடங்களில், "ரீச்சர், பிறகு எங்களுக்குப் பிரச்சினை வருமோ?" என்றுதான் கேட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அந்த மீனவரின் மனைவி என்னோடு வந்தா. நான் விளக்கம் சொல்லத் தொடங்க, அவ என்னை நிறுத்திவிட்டு, "என்ரை மனுசனுக்கு ஒரு கால் இல்லை. உங்கடை வீட்டிலை எத்தினை கால் கிடக்கு?" என்று கேட்டா. அதற்குப் பிறகு எல்லா இறங்குதுறைக்கும் அவதான் முன்னால் போனா.

அடுத்த கார்த்திகையில் புயல் இல்லை, பெருமழை. நாலு நாள் விடாமல் பெய்தது. அதே கரையிலிருந்து மூச்சு இழுக்கிற வயதான ஒருவருக்காகச் செய்தி வந்தது. நான் ஒழுங்கையால் ஓடிப்போய்ச் சம்மாட்டியின் படலையைத் தட்டினேன். அந்த வயதானவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிறகு, உடுப்பை மாற்றிக்கொண்டு, கடதாசியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பழையவர் இடம் மாறிப் போய்விட்டார். புதியவர் வாசித்துவிட்டுப் பதறி எழுந்தார்.

"படகு அனுப்ப வேணுமே?"

"போய், ஆளை ஏத்திக்கொண்டு வந்திட்டுது."

"அப்ப இந்தக் கடதாசி என்னத்துக்கு?"

"உங்கடை கோப்புக்கு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதராகவும் இருக்கலாம். எனக்கு அதைக் கண்டுபிடிக்கிற பொறுமை அன்றைக்கு இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஈரக் குடையை விரித்துவிட்டேன். "கோவம் ஆறிட்டுதோ?" என்று கணவர் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே கருவியில் கப்பலண்ணை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கரையில் தண்ணீர் ஏறுகிறதாம். பேனையை எடுத்துக்கொண்டு போனேன்.